கண்ணில் தெரியும் காது நோய்

1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மருத்துவர் ஒருவர் தன் நோயைத் தானே விவரித்து எழுதினார். பெயரைச் சொல்லவில்லை, ஜே.சி. என்ற இரண்டு எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார். காசநோயை அடக்கிய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அவருக்குச் செலுத்தப்பட்டிருந்தது. அது அவருடைய இரண்டு உள்காதுகளிலும் இருந்த சமநிலை உறுப்புகளைச் செயலிழக்கச் செய்துவிட்டது. படுத்தபடி புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் துள்ளின. நாடி துடிக்கும்போது தலை ஓர் இழை அசைகிறதே, அந்த அசைவே பார்வையைக் கலைக்கப் போதுமானதாக இருந்தது. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே தலையை இறுக்கிக்கொண்டுதான் அவரால் படிக்க முடிந்தது. பிறகு எழுந்து நடமாடத் தொடங்கியபோதும், நடந்துகொண்டே எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண முடியவில்லை. நின்றால்தான் முகம் தெளிந்தது.

கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. பழுதானது காது.

நம்ப முடியாதவர்கள் இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இடமும் வலமும் விரைவாக ஆட்டிப் படியுங்கள். எழுத்து தெளிவாகவே இருக்கும். அடுத்து, தலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். இரண்டிலும் அசைவு ஒன்றுதான். முதல் முறை தலை திரும்பியதை உள்காது உணர்ந்து, கிட்டத்தட்ட நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண் தசைகளுக்குச் சேதி அனுப்பிவிடுகிறது. தலை வலப்பக்கம் போன அளவுக்குக் கண் இடப்பக்கம் திரும்புகிறது. பார்த்த பொருள் விழித்திரையில் நிலைத்து நிற்கிறது. இரண்டாம் முறை காதுக்கு வேலை இல்லை. கண் தானே பார்த்து, பின்தொடர்ந்து பிடிக்க வேண்டும். அதற்குப் பத்து மடங்கு நேரம் பிடிக்கும்.

தலைசுற்றல் மருத்துவம் முழுவதும் இந்த ஒரு பிணைப்பின் மேல்தான் நிற்கிறது. உள்காதைக் கண்ணால் பார்க்க முடியாது. காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் மருத்துவருக்குச் செவிப்பறை வரைதான் தெரியும். அதற்கும் அப்பால், உடலின் மிகக் கடினமான எலும்புகளில் ஒன்றுக்குள், பட்டாணியைவிடச் சற்றே பெரிய இடத்தில் உள்காது புதைந்திருக்கிறது. உயிரோடிருப்பவரிடம் அதிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்துச் சோதிக்கவும் வழியில்லை. வெட்டினால் அது கெட்டுப்போகும். ஆகவே நோயறிதல் என்பது இங்கே எப்போதும் சுற்றுவழிதான்: கண் எப்படி அசைகிறது, எந்த ஒலிக்கு விரல் பொத்தானை அழுத்துகிறது, மூளைத்தண்டில் எந்த மின் அலை எழுகிறது என்று வெளியே தெரிவதை வைத்து உள்ளே நடப்பதை ஊகிப்பது. அந்த ஊகத்தைத் துல்லியமாக்கிய கதை வியப்பானது. அதில் பாதிக்கு மேல் எந்த எந்திரமும் இல்லாமல் வெறும் கையால் செய்யக்கூடியது என்பது இன்னும் வியப்பு.

உள்காதில் இரண்டு வேலைகள் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியா கேட்பதற்கு. அதையொட்டி மூன்று அரைவட்டக் குழல்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்களில் அமைந்து, தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் உணர்கின்றன. செம்பு நிறையத் தண்ணீரைச் சட்டெனத் திருப்பினால் செம்பு திரும்பும், தண்ணீர் ஒரு கணம் பின்தங்கும். குழலுக்குள் இருக்கும் திரவமும் அப்படியே பின்தங்கி, அதன் வழியில் நிற்கும் மெல்லிய தடுப்பைத் தள்ளுகிறது, தடுப்பில் பதிந்திருக்கும் மயிரணுக்கள் வளைகின்றன, நரம்பு துடிக்கிறது. குழல்களின் அடியில் இரண்டு பைகள் உண்டு. அவற்றில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒரு கூழ்ப் படலத்தின் மேல் ஒட்டியிருக்கின்றன. தலை சாய்வதையும், பேருந்து பிரேக் போடும்போது உடல் முன்னே தள்ளப்படுவதையும் உணர்த்துவது இந்தப் படிகங்களின் எடை. கேட்கும் பகுதிக்கும் சமநிலைப் பகுதிக்கும் உள்ளிருக்கும் திரவம் ஒன்றே. அதனால் ஒன்று கெட்டால் மற்றொன்றும் கெடுவது அடிக்கடி நடக்கிறது.

இது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை யாருக்கும் விளங்கவில்லை. பாரிஸில் பியர் ஃப்ளூரான் புறாக்களின் அரைவட்டக் குழல்களை வெட்டி, அவை தலையைச் சுழற்றித் தடுமாறுவதை 1820-களிலேயே காட்டியிருந்தார். ஆனாலும் மனிதருக்குத் தலை சுற்றினால் மூளையில் ரத்தம் தேங்கிவிட்டது என்றே மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். ரத்தநாளத்தைக் கீறி ரத்தம் இறக்கினார்கள், அட்டை விட்டார்கள். அதே நகரில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த ப்ராஸ்பர் மெனியேர், காது மந்தமும் இரைச்சலும் உள்ளவர்களுக்கே இந்தச் சுற்றல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். நோயின் இடம் மூளை அல்ல, உள்காது என்று 1861-இல் பாரிஸ் மருத்துவ அகாதெமியில் அறிக்கை படித்தார். அவையில் வரவேற்பில்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார். இன்று அவர் பெயராலேயே வழங்கும் நோயில் இருபது நிமிடம் முதல் பல மணி நேரம் வரை சுற்றல் நீடிக்கும். ஒரு காது அடைத்துக்கொண்டு இரையும். அந்தக் காதில் தாழ்ந்த ஒலிகள் குறையும், சில நாளில் திரும்பும், மறுபடி குறையும். உள்காதில் திரவம் மிகுந்து உறை வீங்குவதே அடையாளம் என்பது 1938-இல் லண்டனிலும் ஜப்பானிலும் தனித்தனியே இறந்தவர்களின் காதெலும்பை நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது.

காதைக் கண் வழியே படிக்கும் கலையைத் தொடங்கிவைத்தவர் வியன்னாவின் ராபர்ட் பாரனி. அந்நகரக் காது மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்தபோது நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அவர் வேலைகளில் ஒன்று. பலருக்குத் தலை சுற்றியது. கண்மணிகள் தாமாகவே பக்கவாட்டில் துடித்தன. ஒரு நோயாளி, தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால்தான் சுற்றுகிறது என்றார். அடுத்த முறை சூடான தண்ணீர் பீய்ச்சியபோதும் சுற்றியது. ஆனால் கண்ணின் துடிப்பு எதிர்த்திசையில் இருந்தது. பாரனிக்கு அங்கே பொறி தட்டியது. சூடான திரவம் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும். செவிக்குழாயின் வெப்பம் உள்ளே பரவி, பக்கத்துக் குழலில் இருக்கும் திரவத்தை நகர்த்துகிறது. தலை அசையாமலே காது ‘திரும்புகிறோம்’ என்று மூளைக்குச் சொல்கிறது. அப்படியானால் தண்ணீர் விட்டும் கண் துடிக்கவில்லை என்றால் அந்தக் காதின் குழல் செத்துவிட்டது என்று பொருள். முதன்முறையாக, ஒரு காதை மட்டும் தனியே சோதிக்க வழி கிடைத்தது.

1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இதற்காகவே அவருக்குக் கிடைத்தது. அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரிய ராணுவ மருத்துவராகப் போன பாரனி ரஷ்யர்களிடம் போர்க் கைதியாகச் சிக்கி மத்திய ஆசிய முகாம் ஒன்றில் இருந்தார். சுவீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் பேசி அவரை மீட்ட பிறகு, 1916-இல்தான் பரிசைக் கையில் வாங்கினார். அவருடைய விளக்கம் முழுமையானதல்ல என்பது பின்னால் தெரிந்தது. 1983-இல் ஸ்பேஸ்லேப் விண்வெளி ஆய்வகத்தில், எடையின்மை நிலையில், வீரர்களின் காதுக்கு வெப்பம் கொடுத்துப் பார்த்தார்கள். எடையே இல்லாத இடத்தில் சூடான திரவம் மேலெழ முடியாது. இருந்தும் கண் துடித்தது. வெப்பம் வேறு வழிகளிலும் குழலைத் தூண்டுகிறது என்பது அதனால் உறுதியாயிற்று.

சோதனை இன்றும் அப்படியே நடக்கிறது. 30 டிகிரி, 44 டிகிரி என உடல் வெப்பத்துக்கு ஏழு டிகிரி கீழும் மேலும் உள்ள நீரை இரண்டு காதுகளிலும் மாற்றி மாற்றிச் செலுத்தி ஒப்பிடும் முறையை 1942-இல் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹால்பைக்கும் வகுத்தார்கள். நோயாளி இருட்டான கண்ணாடி மாட்டிக்கொள்கிறார். உள்ளிருக்கும் அகச்சிவப்புக் கேமரா கண்மணியைப் படம் பிடிக்கிறது. இருட்டு எதற்கென்றால், எதையாவது உற்றுப் பார்த்தால் மூளை கண்ணின் துடிப்பை அடக்கிவிடும். சோதனை நடக்கும்போது ஆடியாலஜிஸ்ட் இடைவிடாமல் கேள்வி கேட்பதும் அதற்காகவே. ஊர்ப் பெயர்களாகச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்பார். மனம் மந்தமானாலும் துடிப்பு அடங்கும். சோதனைக்கு வருபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். சுற்றல் வரத்தான் செய்யும். இரண்டொரு நிமிடத்தில் அடங்கிவிடும். வருவதுதான் நல்ல செய்தி.

உள்காதுக் கோளாறுகளில் மிகச் சாதாரணமானதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் படிகம் நழுவும் நோய். காலையில் படுக்கையில் புரண்டதும் அறை சுழல்கிறது. பரணைப் பார்த்து அண்ணாந்தாலோ, கொடியில் துணி போட்டாலோ, குனிந்து நிமிர்ந்தாலோ மறுபடி சுழல்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. தலையை அசைக்காமல் இருந்தால் ஒன்றும் இல்லை. பைகளில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் படிகங்களில் சில கழன்று, அரைவட்டக் குழலொன்றுக்குள், பெரும்பாலும் பின்பக்கக் குழலுக்குள், விழுந்துவிட்டதே காரணம். தலை சாயும்போது படிகங்கள் உருண்டு திரவத்தை இழுக்கின்றன. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, தலையில் அடிபட்டவர்களுக்கு, நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்களுக்கு இது அதிகம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

நம் ஊரில் இந்த நோயாளி நடக்கும் பாதை பலருக்கும் பழக்கமானது. முதலில் பித்தம் என்று இஞ்சிச் சாறு. பிறகு பிரஷர் பார்த்தல். அதுவும் சரியாக இருந்தால் கழுத்து எக்ஸ்ரே. வயதானவர் எவருக்கு எடுத்தாலும் கழுத்தெலும்பில் ஏதாவது தேய்மானம் தெரியும். ‘கழுத்து எலும்பு தேய்ஞ்சிருக்கு, அதான் சுத்துது’ என்று கழுத்துப் பட்டையும் தலைசுற்றல் மாத்திரையும் கொடுக்கப்படுகின்றன. மாத்திரை மாதக்கணக்கில் தொடர்கிறது. சுற்றலை மட்டுப்படுத்தும் மாத்திரைகளுக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் பயன் உண்டு. நீட்டித்தால் மூளை புதிய நிலைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதையே அவை தாமதப்படுத்துகின்றன. குழலுக்குள் கிடக்கும் படிகத்தை எந்த மாத்திரையும் வெளியேற்றாது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பாட்டிமார்கள் வெளியே போவதையே நிறுத்திக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடச் சோதனையும் ஐந்து நிமிடச் சிகிச்சையும் அவர்களை மீட்டிருக்கக்கூடும் என்பதுதான் இதில் மிகவும் வருத்தம் தருவது.

அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு மேசை, இரண்டு கைகள். நோயாளியை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டெனப் படுக்கவைத்துத் தலையை மேசை விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டுக் கண்ணைப் பார்க்க வேண்டும். சில நொடிகள் ஒன்றும் இருக்காது. பிறகு கண்மணி மேல்நோக்கியும் சுழன்றும் துடிக்கத் தொடங்கி, அரை நிமிடத்தில் ஓயும். எந்தக் காது கீழே இருந்ததோ அந்தக் காதில்தான் படிகம். 1952-இல் லண்டனில் இந்தச் சோதனையை விவரித்தவர்கள் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவர். டிக்ஸ் அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றுவந்தவர். 1940-இல் லண்டன்மீது குண்டு வீசப்பட்டபோது முகத்திலும் கண்ணிலும் காயம்பட்டதால் அந்த வழி அவருக்கு அடைபட்டது. அதன்பின் ஹால்பைக்குடன் சேர்ந்து காதாய்வில் இறங்கினார். மற்றவர்களின் கண்ணசைவைப் பார்த்து நோயறியும் முறைக்கு இன்று உலகெங்கும் அவர் பெயர் வழங்குகிறது.

சோதனை வந்தும் சிகிச்சை வரவில்லை. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருந்த ஜான் எப்லி, படிகம் குழலுக்குள் உருள்கிறது என்றால் தலையை உரிய வரிசையில் திருப்பி அதை வந்த வழியே வெளியே உருட்டிவிடலாமே என்று யோசித்தார். தலையைத் தொங்கவிட்டு, மறுபக்கம் திருப்பி, உடலோடு புரட்டி, எழுப்பி உட்காரவைக்கும் நான்கைந்து நிலைகள், அவ்வளவுதான். 1980-இல் மருத்துவர் மாநாட்டில் சொன்னபோது பலர் நம்பவில்லை. தலையை உருட்டி நோயைத் தீர்ப்பதா என்று கேட்டார்கள். அவருடைய கட்டுரை முறையான இதழில் வெளிவர 1992 ஆயிற்று. இன்று அதுவே முதல் சிகிச்சை. பெரும்பாலானோருக்கு ஓரிரு முறையிலேயே சுற்றல் நின்றுவிடுகிறது. மறுபடி வருவதும் உண்டு. வந்தால் மறுபடி செய்யலாம். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தால் திரும்ப வருவது குறைகிறது என்று கொரியாவில் நடந்த பெரிய ஆய்வொன்று 2020-இல் காட்டியது.

நொடிகளில் அடங்கும் சுற்றல் இப்படி. நாள் முழுக்க நிற்காமல் சுற்றி, வாந்தியோடு அவசரப் பிரிவுக்கு வருபவரின் நிலை வேறு. காது நரம்பில் வைரஸ் அழற்சி வந்தாலும் இப்படிச் சுற்றும். சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தாலும் இப்படியே சுற்றும். முன்னது தானாக ஆறிவிடும். பின்னது உயிரைப் பறிக்கும். எப்படிப் பிரித்தறிவது? 1988-இல் சிட்னியைச் சேர்ந்த மைக்கேல் ஹால்மாகியும் இயன் கர்தாய்ஸும் ஒரு வழி சொன்னார்கள். நோயாளி மருத்துவரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க, மருத்துவர் அவர் தலையைச் சிறிய அளவில், ஆனால் வெடுக்கெனத் திருப்புவார். காது நன்றாக இருந்தால் கண் மூக்கை விட்டு அகலாது. காது நரம்பு கெட்டிருந்தால் கண் தலையோடு போய்விட்டு, பிறகு ஒரு தாவு தாவி மூக்குக்குத் திரும்பும். அந்தத் தாவல் வெறும் கண்ணுக்கே தெரியும்.

இங்கேதான் மருத்துவ மாணவர்களே தடுமாறும் ஒரு தலைகீழ்க் கணக்கு இருக்கிறது. நிற்காமல் சுற்றும் நோயாளியிடம் இந்தச் சோதனை தவறாக வந்தால் ஆறுதல். கோளாறு காது நரம்பில் இருக்கிறது. சரியாக வந்தால் ஆபத்து. காது நன்றாக இருக்கும்போது இவ்வளவு சுற்றுகிறதென்றால் காரணம் மூளையில் இருக்க வேண்டும். தலையை வெடுக்கெனத் திருப்புவது, பார்க்கும் திசைக்கேற்பக் கண் துடிப்பின் திசை மாறுகிறதா என்று பார்ப்பது, ஒரு கண்ணை மாற்றி மற்றொன்றை மூடும்போது கண் மேலும் கீழும் நகர்கிறதா என்று பார்ப்பது. இந்த மூன்றையும் சேர்த்து 2009-இல் ஜார்ஜ் கட்டாவும் டேவிட் நியூமன்-டோக்கரும் ஆய்வு வெளியிட்டார்கள். பக்கவாத ஆபத்து உள்ள 101 நோயாளிகள். பயிற்சி பெற்ற கை செய்தபோது மூன்று சோதனைகளும் சேர்ந்து ஒரு பக்கவாதத்தையும் தவறவிடவில்லை. முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ அவற்றில் 12 சதவீதத்தைத் தவறவிட்டிருந்தது. பின்மூளைப் பக்கவாதம் முதல் ஓரிரு நாளில் ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்பதே காரணம். ஆகவே ‘ஸ்கேன் கிளியர்’ என்பதோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவது போதாது. சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், பிடித்தாலும் நிற்க முடியாமை, புதிதாகக் கடும் தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

கேட்கும் திறனை அளக்கும் சோதனைகள் இந்த அளவுக்குப் பரபரப்பானவை அல்ல. ஆனால் அவை இல்லாமல் தலைசுற்றலின் கதை முடியாது. ஓசைபுகா அறையில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்லும் ஆடியோகிராம் எல்லோரும் அறிந்தது. 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியைத் தேடுகிறார்கள். வரைபடத்தில் வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. பூஜ்ஜியம் டெசிபல் என்றால் நிசப்தம் அல்ல. காது நன்றாக உள்ள இளைஞர்களின் சராசரி எல்லை. அதே ஒலியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின் வழியாகவும் அனுப்பிப் பார்ப்பார்கள். எலும்பு வழி நன்றாகக் கேட்டு, காற்று வழி குறைந்திருந்தால் அடைப்போ, செவிப்பறைக் கோளாறோ, நடுக்காதுக் கோளாறோ இருக்கும். இரண்டும் குறைந்திருந்தால் கோளாறு காக்ளியாவில் அல்லது நரம்பில்.

கோட்டின் வடிவமே பேசும். தாழ்ந்த சுருதியில் ஏறி இறங்கினால் மெனியேர் நோயைச் சந்தேகிக்கலாம். 4000 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் விசைத்தறிக் கூடம் போன்ற இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் உழைத்த காது. உயர்ந்த சுருதிகளில் சரிந்துகொண்டே போனால் முதுமை. அப்படிப்பட்ட தாத்தாவுக்குப் பேசுவது கேட்கும், புரியாது. உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ‘கத்தி’யையும் ‘கட்டி’யையும் பிரித்துக் காட்டும் மெய்களின் அடையாளம் உயர்ந்த சுருதியில். சத்தமாகக் கத்திப் பேசினால் உயிர்தான் பெருக்கும், மெய் தெளியாது. முகத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகப் பேசுவது அவருக்கு அதைவிட உதவும்.

வரைபடத்துக்குப் போகும் முன்பே ஒரு சோதனையை எவரும் செய்துகொள்ளலாம். ஒரு நாள் காலை எழுந்ததும் ஒரு காது கேட்கவில்லை என்றால், வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பார்க்க வேண்டும். கேளாத காதில் முனகல் உரக்கக் கேட்டால் அங்கே அழுக்கோ சளியோ அடைத்திருக்கக்கூடும். நல்ல காதின் பக்கம் ஒலி ஒதுங்கினால் கேளாத காதின் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அது அவசர நோய். மருத்துவர்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்வதும் இதையே. திடீர் நரம்புச் செவிட்டுத்தன்மைக்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களுக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் மீள வாய்ப்பு உண்டு. சளி அடைத்திருக்கும் என்று எண்ணெயும் சொட்டு மருந்தும் விட்டுக் காத்திருப்பதில் அந்த நாட்கள் போய்விடுகின்றன. ஒரு பக்கம் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தால் காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.

அபூர்வமான ஒரு நோய் இங்கே சொல்லத் தக்கது. 1998-இல் அமெரிக்காவின் லாய்ட் மைனர் விவரித்தது. மேற்பக்க அரைவட்டக் குழலை மூடியிருக்கும் எலும்பில் சிறு ஓட்டை விழுந்துவிடுகிறது. அதன்பின் உடலின் உள்ளோசைகள் காதுக்குள் பெருகுகின்றன. தன் கண்மணி அசைவதே சிலருக்குக் கேட்கிறது. கணுக்காலில் வைத்த இசைக்கவை காதில் ஒலிக்கிறது. உரத்த ஓசை கேட்டால் தலை சுற்றுகிறது. இப்படிச் சொன்னவர்களை மனநோயாளிகள் என்று ஒதுக்கிய காலம் உண்டு. காதில் ஒலி செலுத்திக் கழுத்துத் தசையின் மின்துடிப்பை அளக்கும் ஒரு சோதனையும், நுண்ணிய சி.டி. ஸ்கேனும் வந்தபின் அவர்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது.

இனி, பொத்தானை அழுத்தத் தெரியாத நோயாளிகள்: பிறந்த குழந்தைகள். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை பிறவிக் கேள்விக் குறையோடு பிறக்கின்றன. நெருங்கிய உறவில் திருமணம் செய்வதில் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கவலை உண்டு; பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுப் பிழை குழந்தையில் ஒன்றுசேர அது வழிசெய்கிறது. மூளையின் கேள்விப் பகுதி ஒலிக்காகக் காத்திருப்பது முதல் மூன்றரை ஆண்டுகள் வரைதான். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ என்பது உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு.

முதல் சோதனை, காதிலிருந்து வெளியே வரும் ஒலியைப் பிடிப்பது. ஆம், காது ஒலி எழுப்புகிறது. வானியலாளராகப் புகழ்பெற்ற தாமஸ் கோல்டு 1948-இல், உள்காது தனக்கு வரும் ஒலியைத் தானே பெருக்குகிறது, ஆகவே அதிலிருந்து ஒலி வெளிவரவும் கூடும் என்று வாதிட்டார். கேட்பாரில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1978-இல் லண்டனின் டேவிட் கெம்ப் செவிக்குழாயில் சிறு மைக்ரோஃபோனை வைத்து அந்த ஒலியைப் பதிவு செய்தார். காக்ளியாவின் வெளி மயிரணுக்கள் துள்ளுவதால் எழும் எதிரொலி அது. தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு முனையைச் செருகினால் ஓரிரு நிமிடத்தில் விடை வந்துவிடுகிறது. மருத்துவமனைகளில் ஓ.ஏ.ஈ. என்கிறார்கள்.

ஆனால் மயிரணு நன்றாக இருந்து நரம்பு மட்டும் கெட்டிருந்தால் இந்தச் சோதனை ‘பாஸ்’ என்றே காட்டும். கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தைகளுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குறைமாதக் குழந்தைகளுக்கும் அந்த ஆபத்து அதிகம். அவர்களுக்கு ‘பெரா’ வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னும் மின்வாய்களை ஒட்டி, ஆயிரக்கணக்கான ‘டிக்’ ஒலிகளைக் கொடுத்து, மூளைத்தண்டின் மிக மெல்லிய துடிப்புகளைச் சராசரி எடுத்துப் பார்க்கும் சோதனை அது. ஒலி தொடங்கிய நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் ஐந்து அலைகள் வரிசையாக எழும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், ஐந்தாம் அலை எப்போது மறைகிறது என்று பார்த்தால் குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது என்பது தெரிந்துவிடும். ஜூவெட்டும் வில்லிஸ்டனும் 1971-இல் இந்த அலைகளுக்கு எண்ணிட்ட முறையே இன்றும் வழக்கில் உள்ளது.

குறை உறுதியானால் காது மெஷின், அது போதாவிட்டால் காக்ளியர் இம்பிளான்ட். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. தாமதம் நேர்வது பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டத்தில்தான். பிரசவ மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் காதுச் சோதனை செய்தாயிற்றா என்று பெற்றோர் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறந்தபோது ‘பாஸ்’ ஆன காதும் பின்னால் கெடுவது உண்டு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, தட்டு கீழே விழுந்தால் திரும்புகிறது என்பதற்காகக் காது நன்றாகக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உரத்த ஓசை எட்டி, பேச்சோசை எட்டாத குறை நிறைய உண்டு. ‘அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்’ என்று பெரியவர்கள் சொன்னாலும், அந்தக் குழந்தையை அந்த வாரமே பெரா எடுக்க அழைத்துப் போக வேண்டும்.